பக்கத்தின் கடைசிப் பாட்டுக்கு ஏற்ற ஊசி

இசைத்தட்டு கேட்கத் தொடங்க விரும்பும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின் சைகையாக மாற்றும் சிறு பகுதி) வாங்கலாம் என்பதுதான். வீட்டில் என்னென்ன தட்டுகள் இருக்கின்றன என்று நான் அவர்களைத் திருப்பிக் கேட்பேன். பல ஆண்டுகளாக ஊசிகளையும், கார்ட்ரிட்ஜைத் தட்டின் மேல் தாங்கிச் செல்லும் கையான டோன்ஆர்ம்களையும் மாற்றி மாற்றிக் கேட்டதில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து, கையில் உள்ள தட்டுகள்தாம் கருவியைத் தீர்மானிக்க வேண்டும் என்பது. வெளிநாட்டு விமர்சனங்களில் புகழப்படும் கருவிகள் பெரும்பாலும் நல்ல நிலையில் உள்ள ஸ்டீரியோ எல்.பி.களை (33⅓ சுழற்சி நீள்தட்டுகள்) வைத்துச் சோதிக்கப்பட்டவை. நம் அலமாரியில் இருப்பவை வேறு வகை.

என்னிடம் இருப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். உறவினர் வீட்டுப் பரண்களிலிருந்து வந்து சேர்ந்த, நிமிடத்துக்கு 78 சுழற்சி ஓடும் அரக்குத் தட்டுகள் சில. மோனோவில் அச்சான 45 சுழற்சித் திரைப்பாட்டு இ.பி.கள் ஒரு பெட்டி, மற்றவையெல்லாம் எல்.பி.கள், அவற்றில் கர்நாடக இசை பாதி, எண்பதுகளின் திரையிசை பாதி. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் அச்சானவைதாம் அதிகம். இவற்றில் பெரும்பாலானவை, ஐந்தாறு கிராம் அழுத்தத்துடன் பள்ளத்தை உழுதுகொண்டு போன பழைய பெட்டி பிளேயர்களில் பலமுறை ஓடியவை. நூற்றுக்கணக்கான முறை கேட்கப்பட்ட பாட்டு எது என்பதை, தட்டைச் சாய்த்து விளக்கொளியில் பார்த்தாலே சொல்லிவிடலாம். அந்தப் பகுதி மட்டும் கறுப்பு மங்கி வெளிறியிருக்கும்.

இந்தத் தட்டுகளில் எனக்கு நெடுங்காலம் உறுத்திய குறை ஒன்றுண்டு. பக்கத்தின் முதல் பாட்டு தெளிவாக இருக்கும். கடைசிப் பாட்டு வரும்போது பாடகியின் குரலில் சகரமும் ஸகரமும் சீறத் தொடங்கும், வயலின் கரகரக்கும். இதற்குத் தட்டின் வடிவமே காரணம். எல்.பி. ஒரே சீரான வேகத்தில் சுழன்றாலும், வெளிவிளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்கு ஏறக்குறைய 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, லேபிளுக்கு அருகே அது ஏறக்குறைய 21 செ.மீ. ஆகக் குறைந்துவிடுகிறது. ஆகவே 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளியே 51 மைக்ரான் நீளத்தில் தாராளமாக எழுதப்பட, உள்ளே அதே அலை 21 மைக்ரானுக்குள் நெருக்கிச் செதுக்கப்பட்டிருக்கும். சாதாரண கூம்பு ஊசியின் முனை ஆரம் சுமார் 15 மைக்ரான். அந்த உருண்டை முனை 21 மைக்ரான் அலையின் மடிப்புக்குள் முழுதாக இறங்க வழியே இல்லை. அது மேடுகளை உரசிக்கொண்டு தாண்டிப் போகிறது, அந்த உரசல்தான் நமக்குச் சீறலாகக் கேட்கிறது. திரைப்படத் தட்டில் எத்தனையோ நல்ல பாட்டுகள் பக்கத்தின் கடைசியில் வருகின்றன. கர்நாடக எல்.பி.களில் துக்கடாவும் தில்லானாவும் பெரும்பாலும் இரண்டாம் பக்கத்தின் இறுதியில்தான் அமைந்திருக்கும். அவற்றை ஒழுங்காகக் கேட்க முடியவில்லை என்றால் தட்டு வாங்குவதில் எனக்குப் பாதி மகிழ்ச்சி போய்விடுகிறது.

அதனால் கார்ட்ரிட்ஜைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது ஊசி முனையின் வடிவத்தை. கார்ட்ரிட்ஜின் பெயரும் விலையும் அதற்குப் பிறகுதான். ஆடியோ டெக்னிகாவின் வி.எம்.95 வரிசை இதைக் கற்றுக்கொள்ள மிகவும் வசதியானது, ஏனெனில் அதில் உடல் பகுதியைக் கழற்றாமலேயே ஊசியை மட்டும் இழுத்து எடுத்து வேறு வடிவ ஊசியைச் செருகிக்கொள்ளலாம்: கூம்பு, நீள்வட்டம், பள்ளச் சுவரை மெல்லிய கோடாகத் தொடும் மைக்ரோலைன், ஷிபாட்டா, 78 தட்டுக்கான தடித்த ஊசி என எல்லாம் ஒரே உடலில் பொருந்தும். நான் நீள்வட்ட ஊசியுள்ள வி.எம்.95இ வாங்கிக் கேட்டுவிட்டு, பிறகு அதே உடலில் மைக்ரோலைன் ஊசியைச் செருகினேன். கேட்டது ஒரு பெண் குரல் கச்சேரித் தட்டின் கடைசி உருப்படி. முதல் சரணத்திலேயே சீறல் அடங்கி, உதடும் பல்லும் சேர்ந்து எழுப்பும் இயல்பான ஸகரம் வந்தது. அதுவரை சத்தமாக மட்டும் இருந்த வயலினின் பின்தொடர்தலில் வில் திரும்பும் இடங்கள் தனித்தனியாகத் தெரிந்தன. பக்கத்தின் தொடக்கத்தில் இரண்டு ஊசிகளுக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு இல்லை. கடையில் யாராவது கார்ட்ரிட்ஜைப் போட்டுக் காட்டினால், தட்டின் கடைசி மூன்று நிமிடத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆர்ட்டோஃபோனின் 2எம் வரிசையிலும் இப்படி ஒரு வசதி உண்டு: 2எம் ரெட் உடலில் 2எம் ப்ளூ ஊசியைப் போடலாம். ரெட்டின் ஒலியில் மிருதங்கத்தின் தொப்பிக்கு நல்ல கனம் கிடைப்பதாக எனக்குப் படுகிறது. ஆனால் அதன் ஊசி முனை நீள்வட்டம்தான் என்பதால் உள்வட்டப் பள்ளங்களில் அது மைக்ரோலைன் அளவுக்குத் தாக்குப்பிடிப்பதில்லை.

தேய்ந்த தட்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய பிளேயரின் கூம்பு ஊசி பள்ளச் சுவரில் ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் தொட்டுத் தேய்த்திருக்கும். மைக்ரோலைன் முனை சுவரை மேலிருந்து கீழாக நீண்ட மெல்லிய கோடாகத் தொடுவதால், தேயாத பகுதியையும் சேர்த்துப் படித்து, போய்விட்டது என்று நினைத்த தட்டிலிருந்தும் சில நேரம் வியப்பூட்டும் தெளிவை வரவழைக்கிறது. எல்லாத் தட்டிலும் இது நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சுவர் ஆழமாகச் சிதைந்திருந்தால் அதே கூர்மை அந்தச் சிதைவையும் துல்லியமாகக் கொண்டுவந்து கொட்டும். என் மோனோ இ.பி.களில் பலவற்றுக்குக் கூம்பு ஊசியே இதமாக இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அதையும் அழுத்திவிட வேண்டும். மோனோ தட்டில் இசை முழுவதும் பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது, மேலும் கீழுமான அசைவிலிருந்து வருவது இரைச்சல் மட்டுமே என்பதால், அந்தப் பொத்தானை அழுத்தியதும் பாதிப் படபடப்பு மறைந்துவிடும்.

ஊசியோடு கம்பிச்சுருள் அசையும் மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் உயர்ந்தது, காந்தம் அசையும் மூவிங் மேக்னட் தாழ்ந்தது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. டெனான் டி.எல்.-103 ஜப்பானிய வானொலிக்காக 1960களின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்டு இன்றும் தயாரிப்பில் உள்ள புகழ்பெற்ற மூவிங் காயில். குரலுக்கு அது தரும் உடலும் அருகாமையும் எனக்கு மிகவும் பிடித்தவை. ஆனால் அதன் ஊசி கூம்பு வடிவமானது. உள்வட்டச் சிக்கலுக்கு அது விடை அல்ல. அதன் வெளியீடு வெறும் 0.3 மில்லிவோல்ட் என்பதால், 3 முதல் 6 மில்லிவோல்ட் தரும் மூவிங் மேக்னட்டுக்குப் போதுமான 40 டெசிபல் ஃபோனோ ப்ரீஆம்ப் (கார்ட்ரிட்ஜின் மெல்லிய சைகையைப் பெருக்கும் கருவி) இதற்குப் போதாது, 60 டெசிபல் அளவுக்குப் பெருக்கம் வேண்டும். ஊசி தேய்ந்தால் நாமே மாற்றவும் முடியாது. முதல் கருவி வாங்குபவர் அந்தப் பணத்தைத் தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளில் போடுவதே நல்லது.

இனி டோன்ஆர்ம். கார்ட்ரிட்ஜும் ஆர்மும் தனித்தனிப் பொருள்கள் அல்ல; ஊசியின் நெகிழ்வான தொங்கலும் ஆர்மின் எடையும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஆடும். அந்த ஆட்டம் 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழ வேண்டும். அதற்குக் கீழே போனால் தட்டின் வளைவுகள் அதைத் தூண்டிவிடும், மேலே போனால் இசையின் அடி ஒலியில் கை வைத்துவிடும். கணக்கு எளியதுதான்: ஆர்மின் எஃபெக்டிவ் மாஸ் (ஊசி முனையில் உணரப்படும் எடை), கார்ட்ரிட்ஜின் எடை, திருகுகளின் எடை மூன்றையும் கிராமில் கூட்டி, அதை கார்ட்ரிட்ஜின் கம்ப்ளையன்ஸால் (தொங்கலின் நெகிழ்வைக் குறிக்கும் எண்) பெருக்கி, வரும் எண்ணின் வர்க்கமூலத்தால் 159ஐ வகுக்க வேண்டும். டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 டர்ன்டேபிளின் ஆர்ம் 12 கிராம். 2எம் ரெட் 7.2 கிராம், கம்ப்ளையன்ஸ் 20. திருகுக்கு ஒரு கிராம் சேர்த்தால் விடை 8 ஹெர்ட்ஸுக்கு ஒட்டி வருகிறது, எல்லையில் நிற்கும் இணை. அதே ஆர்மில் டி.எல்.-103 சுமார் 11 ஹெர்ட்ஸில் அமர்கிறது. டி.எல்.-103ஐ 6 கிராம் கார்பன் ஆர்மில் மாட்டினால் 13 ஹெர்ட்ஸ் ஆகிவிடுகிறது. அந்த இணை எனக்கு மெலிந்த ஒலியைத்தான் தந்தது.

இந்தக் கணக்கில் பலர் இடறும் இடம் ஒன்று இருக்கிறது. ஜப்பானிய நிறுவனங்கள் கம்ப்ளையன்ஸை 100 ஹெர்ட்ஸில் அளந்து அறிவிக்கின்றன, ஐரோப்பிய நிறுவனங்கள் 10 ஹெர்ட்ஸில் அளக்கின்றன. மேற்சொன்ன கணக்குக்கு 10 ஹெர்ட்ஸ் எண்தான் வேண்டும். ஜப்பானிய எண்ணை ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்காக்கிக்கொள்ள வேண்டும். டி.எல்.-103க்கு அறிவிக்கப்பட்டிருக்கும் 5 என்பதை அப்படியே போட்டால் பெரும்பாலான ஆர்ம்கள் பொருந்தாதவையாகத்தான் தெரியும். பொருத்தம் சரியில்லாததைக் கண்ணாலும் பார்க்கலாம்: வளைந்த தட்டை ஓடவிட்டு ஸ்பீக்கரின் துணியைக் கழற்றினால், பாட்டில் எந்த அடி ஒலியும் இல்லாதபோதே பெரிய கோன் முன்னும் பின்னும் மெதுவாகத் துடித்துக்கொண்டிருக்கும்.

ஆர்மைப் பொறுத்தவரை எனக்குத் தீர்மானமாக அமைந்தது, கார்ட்ரிட்ஜ் பொருந்தும் நுனிப்பகுதியான ஹெட்ஷெல்லைக் கழற்றி மாட்டும் வசதி. ரேகா நிறுவனத்தின் ஆர்ம்களில் ஹெட்ஷெல் குழாயோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருக்கிறது. அந்த உறுதியால் ஒலிக்கு நன்மை உண்டு என்பதைக் கேட்டு உணர்ந்திருக்கிறேன், எல்.பி. மட்டுமே கேட்பவருக்கு அது நல்ல தேர்வு. மூன்று வகைத் தட்டுகளை வைத்திருக்கும் எனக்கோ, எல்.பி.க்கு மைக்ரோலைன், இ.பி.க்குக் கூம்பு, 78க்கு வேறொன்று என்று ஹெட்ஷெல்களைத் தயாராக வைத்து ஒரு திருகு வளையத்தைச் சுழற்றி மாற்றிக்கொள்வது அன்றாடத் தேவை. 78 தட்டின் பள்ளம் மிக அகலமானது. அதற்கு 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஊசி வேண்டும், எல்.பி. ஊசியை அதில் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடந்து தூசியையும் கீறலையும்தான் படிக்கும். வி.எம்.95இன் 78 ஊசி 5 கிராம் அழுத்தம் கேட்கிறது. அவ்வளவு தரக்கூடிய எடைக்கட்டி ஆர்மில் இருக்கிறதா, டர்ன்டேபிளில் 78 வேகம் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரம் சரியான ஊசியில் அரக்குத் தட்டிலிருந்து எழும்போது சீவாளியின் கூர்மை அறைக்குள் வந்து நிற்கிறது. அதற்காக எடுக்கும் சிரமம் எதுவும் எனக்குச் சிரமமாகத் தோன்றுவதில்லை.

டர்ன்டேபிளின் தலையாய கடமை சீரான சுழற்சி. நம் இசை அதை மிகக் கண்டிப்பாகச் சோதிக்கும். தம்புரா ஓயாமல் ஒலிக்கிறது, பாடகர் மேல் சட்ஜத்தில் கார்வை கொடுத்து நிற்கிறார், வீணையின் ஒரு மீட்டு நொடிக்கணக்கில் நீள்கிறது. சுழற்சியில் சிறு தளர்வு இருந்தாலும் இவற்றில் அது உடனே அலையாகத் தெரியும். வேகம் ஒரு சதவீதம் மாறினால் சுருதி அரைச்சுரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நகரும். மோட்டாரே தட்டை நேரடியாகச் சுழற்றும், குவார்ட்ஸ் கட்டுப்பாடுள்ள டைரக்ட் டிரைவ் இங்கே நம்பகமானது. டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 1972இல் வந்து, 2010இல் நிறுத்தப்பட்டு, 2016இல் மீண்டும் தயாரிப்புக்கு வந்தது. பழையதே கிடைத்தாலும், தாங்கிகள் நல்ல நிலையில் இருந்தால் வாங்கலாம். பெல்ட் டிரைவ் நல்லதில்லை என்று நான் சொல்லவில்லை. சென்னைக் கோடையில் ரப்பர் பெல்ட் சீக்கிரம் தளர்கிறது, ஆகவே உதிரி பெல்ட் ஒன்றை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் பழைய டர்ன்டேபிள் கொண்டுவருகிறார் என்றால் ஒன்றைக் கட்டாயம் கேட்டறியுங்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட் என்பது எல்லோருக்கும் தெரியும், சென்னை ரிச்சி தெருவில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவிடுவார்கள். ஆனால் அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் அதை மாற்றாது. மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பின்பற்றிச் சுழலும் ஏ.சி. சிங்க்ரனஸ் மோட்டார் உள்ள பெல்ட் டிரைவ் இங்கே 33⅓க்குப் பதிலாக 27.8 சுழற்சியில்தான் ஓடும். ஐந்தரைக் கட்டையில் பாடிய பாடகி நான்கு கட்டைக்கும் சற்றுக் கீழே இறங்கி, ஆண் குரல் போல இழுத்துப் பாடுவார். 50 ஹெர்ட்ஸுக்கான புல்லியைத் தேடி மாற்றினால்தான் இது தீரும். குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவில் இந்தச் சிக்கல் இல்லை.

வேகத்தைச் சோதிக்க ஸ்ட்ரோப் அட்டை (வேகம் சரியாக இருந்தால் துடிக்கும் விளக்கொளியில் இதன் கோடுகள் நிற்பதுபோல் தெரியும்) வாங்குபவர்கள் 50 ஹெர்ட்ஸுக்கான 180 கோடுகள் உள்ளதைப் பார்த்து வாங்க வேண்டும்; நல்ல எல்.இ.டி. விளக்கின் ஒளி துடிக்காது என்பதால் அதன் கீழே அந்த அட்டை பயன்படாமலும் போகலாம். அதைவிட எளிய வழியை நான் பின்பற்றுகிறேன். சுழல்தட்டின் ஓரத்தில் சிறு காகிதத்தை ஒட்டி, தட்டின் மேல் ஊசியும் ஓடிக்கொண்டிருக்கும்போதே 100 சுற்றுகளை எண்ணினால் சரியாக 180 நொடி ஆக வேண்டும். 178இல் முடிந்தால் வேகம் ஒரு சதவீதத்துக்கும் சற்று மேலாகக் கூடியிருக்கிறது. வேகம் சரியாக இருந்தும் கார்வை 1.8 நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கினால், டர்ன்டேபிளைக் குறை சொல்ல வேண்டாம். தட்டின் நடுத்துளை மையம் விலகி இருக்கிறது. நம் அச்சுகளில் இது அடிக்கடி காணப்படுவதுதான். ஆர்ம் இடவலமாக ஆடுவதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கார்ட்ரிட்ஜைப் பொருத்துவது பொறுமை கேட்கும் வேலை, ஆனால் பிறரிடம் கொடுக்க வேண்டிய வேலை அல்ல. ஊசியை முதலில் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு உடலை மட்டும் திருக வேண்டும். மயிரிழை போன்ற நான்கு கம்பிகளில் வெள்ளை இடதுக்கும் நீலம் அதன் எதிர்முனைக்கும், சிவப்பு வலதுக்கும் பச்சை அதன் எதிர்முனைக்கும் போகும். அவற்றைக் கம்பியில் பிடித்து இழுக்காமல், நுனியிலுள்ள உலோகக் கிளிப்பைச் சாமணத்தால் பிடித்துச் செருக வேண்டும். பிறகு ஊசியை மாட்டி, அளவுத்தாளில் தட்டின் மையத்திலிருந்து 66.0 மி.மீ., 120.9 மி.மீ. ஆகிய இரு புள்ளிகளிலும், ஊசி முனையைத் தாங்கும் மெல்லிய தண்டான கேன்டிலீவர் கோட்டுக்கு இணையாக நிற்கிறதா என்று டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியது கேன்டிலீவரை, கார்ட்ரிட்ஜின் ஓரத்தை அல்ல. மைக்ரோலைன் ஊசியில் இதில் கொஞ்சம் பிசகினாலும் உள்வட்டத்தில் கிடைக்க வேண்டிய நன்மை போய்விடும்.

அழுத்தத்தை டிஜிட்டல் எடைக்கருவியில் அளந்து வைப்பேன். அழுத்தம் குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் நம்புகிறார்கள். நாகசுரமோ உச்சஸ்தாயிக் குரலோ வரும்போது, பிடிப்பு இல்லாத ஊசி சுவரிலிருந்து எகிறி மோதிப் பள்ளத்தைக் கெடுப்பதே அதிகம். 1.8 முதல் 2.2 கிராம் என்று சொல்லியிருந்தால் 2.0க்குக் கீழே நான் இறங்குவதில்லை.

ப்ரீஆம்ப் பக்கம் இரண்டு செய்திகள் போதும். ஆடியோ டெக்னிகா 100 முதல் 200 பிகோஃபாரட் கெபாசிட்டன்ஸ் (மின்தேக்க அளவு) கேட்கிறது, இதில் ஆர்மின் கம்பியும் கேபிளும் சேரும். நீளமான கேபிள் போட்டால் உயர் ஒலி எரிச்சலாக மாறும். இரைச்சல் கேட்டால் முதலில் டர்ன்டேபிளின் எர்த் கம்பி ப்ரீஆம்பில் இறுக்கப்பட்டிருக்கிறதா என்றும், வீட்டுப் பிளக்கில் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

திறக்காத பெட்டியில் எண்பதுகளின் கார்ட்ரிட்ஜ் கிடைக்கிறது என்று ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஷூர் நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திய பிறகு அதன் பழைய ஊசிகளுக்குத் தேவை கூடிவிட்டது, அவற்றின் பெயரில் விற்கப்படும் போலிகளும் கூடின. அசல் ஊசியே ஆனாலும், தொங்கலைத் தாங்கும் ரப்பர் நம் வெப்பத்திலும் ஈரத்திலும் பல ஆண்டுகள் கிடந்து இறுகியோ தளர்ந்தோ போயிருக்கும். கேன்டிலீவர் தட்டில் இறங்கியதும் கார்ட்ரிட்ஜின் வயிறு தட்டைத் தொடுமளவுக்கு உட்கார்ந்தால் அந்த ஊசியை உடனே எடுத்துவிட வேண்டும்.

புதிய ஊசிக்கும் ஆயுள் கணக்கு உண்டு. ஆடியோ டெக்னிகா தரும் எண்களின்படி நீள்வட்டத்துக்கு 300 மணி, கூம்புக்கு 500 மணி, மைக்ரோலைனுக்கு 1000 மணி. எல்.பி. பக்கம் ஒன்றுக்கு இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு இரண்டு எல்.பி. கேட்பவர் நீள்வட்ட ஊசியை ஓராண்டுக்குள் மாற்ற வேண்டியிருக்கும். மைக்ரோலைன் இரண்டு ஆண்டுக்கு மேல் வரும். விலையை மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் இடையிலான இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. ஹெட்ஷெல் ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் ஒதுக்கி, கேட்ட பக்கங்களுக்குக் கோடு போட்டு வைக்கும் சிறு நோட்டு ஒன்று டர்ன்டேபிள் அருகே இருந்தால், எந்த ஊசி எவ்வளவு ஓடியிருக்கிறது என்று ஊகிக்க வேண்டிய தேவையே வராது.